வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள்: எப்போது பழுது பார்ப்பது, எப்போது மொத்தமாக மாற்றுவது?

குழாய் போட்டு 30 வருடம் ஆகிவிட்டது. அதை வைத்தே மாற்றிவிடலாமா?

வயது ஒரு துப்பு, அவ்வளவுதான். ஒரே வகை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் ஒரு வீட்டில் 20 வருடத்தில் அடைத்துப்போகும். இன்னொரு வீட்டில் 50 வருடம் தாண்டியும் ஓடும். தண்ணீரின் உப்பும் அமிலத்தன்மையும், உள்ளே ஓடுவது வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்பதும், சுவரின் ஈரமும், மரை வெட்டிய கை எப்படிப்பட்டது என்பதும் வயதைவிட அதிகம் பேசும்.

முடிவெடுக்க நான்கு விஷயம் தெரிந்தால் போதும்: குழாய் என்ன பொருள், இதுவரை எத்தனை தனித்தனி இடங்களில் கசிந்திருக்கிறது, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கிறது. இந்த நான்கையும் வீட்டுக்காரரே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். ஈயக் குழாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அது இருப்பது தெரிந்தாலே மாற்றியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது என்ன குழாய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு காந்தம், ஒரு பேனாக்கத்தி, ஒரு டார்ச். தண்ணீர் மீட்டர் பக்கம், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் இடம், ஹீட்டர் இணைப்பு, சிங்க்கின் அடி ஆகிய இடங்களில் பாருங்கள். வெளியே தெரியும் துண்டை மட்டும் யாரோ முன்பே பிளாஸ்டிக்குக்கு மாற்றியிருப்பார்கள். சுவருக்குள் பழையதே இருக்கும். அதனால் ஓரிடத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம்.

காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. இணைப்புகள் மரையாக இருக்கும். ஒட்டவில்லை, சுரண்டினால் செம்பு நிறம் தெரிகிறது என்றால் செம்பு. ஒட்டவில்லை, கத்தி எளிதாகப் பதிகிறது, சுரண்டிய இடம் வெள்ளிபோல் பளபளக்கிறது என்றால் ஈயம். அதன் இணைப்புகள் வெங்காயம்போல் புடைத்திருப்பதும் உண்டு.

பிளாஸ்டிக்கை நிறத்தை வைத்து ஊகிக்கலாம், ஆனால் குழாயின் மேல் அச்சிட்ட எழுத்தைப் படிப்பதுதான் உறுதி. வெள்ளையோ சாம்பலோ பெரும்பாலும் யு.பி.வி.சி., வெளிர்மஞ்சள் சி.பி.வி.சி., தடித்த சுவருள்ள பச்சை அல்லது வெள்ளை பி.பி.ஆர்., கையால் வளைவது பெக்ஸ். வளையும் சாம்பல் குழாயில் பி.பி. 2110 என்று இருந்தால் அது பாலிபியூட்டிலீன். அதைப் பற்றி அடுத்த பதிலில்.

ஒவ்வொரு வகையும் எவ்வளவு காலம் தாங்கும்?

ஜி.ஐ. 20 முதல் 50 வருடம். நல்ல செம்பு 50 வருடத்துக்கு மேல். பிளாஸ்டிக் குழாய்கள் குறிப்பிட்ட வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு 50 வருடம் என்று கணக்கிட்டே வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கணக்கு குழாய்க்கு. இணைப்பு போட்டவர் அவசரப்பட்டிருந்தால் அது ஐந்தே வருடத்தில் கசியும். பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் குழாய்க்கு முன்னால் இணைப்புதான் கைவிடும்.

யு.பி.வி.சி.யை வெந்நீருக்குப் போட்டிருந்தால் வயதையே பார்க்க வேண்டாம். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது தளரத் தொடங்கும். மொட்டைமாடி வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்களின் மேல்பக்கம் வெளுத்து, தட்டினால் நொறுங்கும் அளவுக்கு விறைத்திருக்கும். அந்த வெயில்பட்ட நீளத்தை மட்டும் மாற்றினால் போதும். சுவருக்குள் இருப்பது நன்றாகவே இருக்கக்கூடும்.

பாலிபியூட்டிலீன் குழாய்கள் முக்கியமாக வட அமெரிக்க வீடுகளில் 1970-களின் பிற்பாதி முதல் 1990-களின் நடுப்பகுதி வரை போடப்பட்டவை. தண்ணீரில் இருக்கும் குளோரின் அவற்றையும் அவற்றின் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, திடீரென்று வெடிக்கும். இன்னும் கசியவில்லை என்பது இதில் ஆறுதலே இல்லை. மாற்றத் திட்டமிடுங்கள்.

தண்ணீர் மெல்லிசாக வருகிறது. குழாய் அடைத்துவிட்டதா?

இருக்கலாம். ஆனால் சுவரை உடைப்பதற்கு முன் கையால் கழற்றிப் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். டேப்பின் நுனியில் இருக்கும் வலை, ஷவர் துளைகள், ஆங்கிள் வால்வு, வளையும் ஹோஸின் வாஷர், ஹீட்டரின் உள்வரும் வடிகட்டி, தொட்டி அடியில் சேர்ந்த வண்டல், பாதி மூடிய கேட் வால்வு. பழைய கேட் வால்வில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்திருக்கும், கைப்பிடி மட்டும் சுற்றும், வழி பாதி அடைத்தே இருக்கும். தொட்டியிலிருந்து வரும் லைனில் எங்காவது மேடாக ஏறி இறங்கும் இடம் இருந்தால் அங்கே காற்றும் சிக்கும். இவற்றில் ஒன்று சரியானால் வேலை அன்றைக்கே முடிந்தது.

அதன் பிறகும் மெல்லிசாக வந்தால் வாளியும் கடிகாரமும் எடுங்கள். அளவு தெரிந்த 10 லிட்டர் வாளியை வைத்து, வலையைக் கழற்றி, டேப்பை முழுக்கத் திறந்து, நிறைய எத்தனை நொடி என்று குறியுங்கள். 60 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 150 நொடி ஆனால் வெறும் 4 லிட்டர். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே மாடியில் உள்ள டேப்புகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள், ஒரே மிக்ஸர் டேப்பில் வெந்நீர்ப் பக்கத்தையும் பச்சைத்தண்ணீர்ப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வெந்நீர்ப் பக்கம் மட்டும் பாதிக்கும் குறைவாக வந்து, ஹீட்டர் வடிகட்டியும் சுத்தமாக இருந்தால், வெந்நீர் லைன் உள்ளே கட்டியிருக்கிறது என்று நம்பலாம். அடுத்து, ஒரு டேப்பில் தண்ணீர் பிடிக்கும்போதே பக்கத்து டேப்பையும் திறந்து பாருங்கள். முதல் டேப் சொட்டுச் சொட்டாக மாறினால் இரண்டுக்கும் பொதுவான குழாய் குறுகிவிட்டது.

அழுத்தமானி வைத்திருக்கிறவர்கள் ஒரு பொறியில் மாட்டிக்கொள்வார்கள். எல்லா டேப்பும் மூடியிருக்கும்போது அடைத்த குழாயிலும் அழுத்தம் முழுதாகவே காட்டும். தண்ணீர் நிற்கும்போது உராய்வு இல்லை, அதனால் இழப்பும் இல்லை. ஒரு டேப்பைத் திறந்து, தண்ணீர் ஓடும்போது முள் எவ்வளவு இறங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியை நம்பியிருக்கும் வீட்டில் 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய 1 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு). டேப்புக்கு மேல் 3 மீட்டரில் தொட்டி இருந்தால் கிடைப்பதே 0.3 பார். அந்த வீட்டில் குழாய் புத்தம் புதிதாக இருந்தாலும் ஷவர் பீய்ச்சாது; குழாயை மாற்றிப் பயனில்லை.

கொஞ்சம் துருக் கட்டினால் இவ்வளவு குறையுமா?

குறையும். ஓட்டம் விட்டத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். அரை அங்குல ஜி.ஐ. நடுத்தர வகைக் குழாயின் உள்விட்டம் புதிதாக இருக்கும்போது சுமார் 16 மி.மீ. சுற்றிலும் 2 மி.மீ. துருக் கட்டினால் 12 மி.மீ. மிஞ்சும். அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் பாதிக்கும் சற்றுக் கீழே போய்விடும். 8 மி.மீ. ஆனால் ஆறில் ஒரு பங்குதான் வரும். துருவின் சொரசொரப்பு இதையும் இன்னும் குறைக்கும். இதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்து, கடைசி ஒன்றிரண்டு வருடத்தில் ‘திடீரென்று’ தண்ணீர் நின்றதுபோல் தோன்றுகிறது.

தண்ணீர் செந்நிறமாக வருகிறது. எதன் அறிகுறி?

எப்போது, எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தது. காலையில் முதல் அரை நிமிடம் மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால், இரவு முழுக்கத் தேங்கிய உங்கள் வீட்டு இரும்புக் குழாயின் துரு. வெந்நீரில் மட்டும் வந்தால் முதலில் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். தொட்டி வகை ஹீட்டரின் உள்ளே, தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் பலிக்கம்பி (ஆனோடு) கரைந்து தீர்ந்திருக்கும். எல்லா டேப்பிலும் நாள் முழுக்கச் சிவந்தால் காரணம் தெருக் குழாயிலோ கிணற்றிலோ நிலத்தடித் தொட்டியிலோ இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேளுங்கள். தொட்டி அடியிலும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

நீலப்பச்சைக் கறை செம்பு அரிப்பது. கறுப்புத் துகள் விரலில் மைபோல் ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே நைந்த ரப்பர் வாஷர் அல்லது ஹோஸ். குழாயைத் தொடவே வேண்டாம், ஹோஸை மாற்றினால் போதும்.

எத்தனை முறை கசிந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும்?

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஒரே எல்போ (திருப்பத்தில் போடும் வளைவு இணைப்பு) மூன்று முறை கசிந்தால் அந்த இணைப்பில் பிழை, அதைச் சரிசெய்தால் தீர்ந்தது. ஒரு வருடத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் கசிந்தால் குழாயின் உடம்பே தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது இடம் திறந்துகொண்டால் இனி ஒட்டுப்போடுவது வீண் என்பது எங்கள் உறுதியான கருத்து. குழாயைவிடச் சுவரை உடைத்துப் பூசுவதும் ஓடு ஒட்டுவதும்தான் பெரிய செலவு. அதை மூன்று தவணையாகச் செய்வதில் அர்த்தமில்லை.

ஜி.ஐ. முதலில் மரையில்தான் விடும். அரை அங்குல நடுத்தர வகையின் சுவர்த் தடிமன் 2.6 மி.மீ. மரை வெட்டும்போது அதில் சுமார் 1.16 மி.மீ. போய்விடும், மிச்சம் ஒன்றரை மி.மீ.க்கும் குறைவு, அதிலும் துத்தநாகப் பூச்சு இல்லாமல். ஆகவே ஒரு மரை துருவால் ஓட்டையானது என்றால், அதே நாளில் வெட்டிய மற்ற மரைகளும் அதே நிலையில் இருக்கின்றன என்பதுதான் செய்தி.

செம்பில் ஊசிமுனை ஓட்டை வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பற்றவைக்கும்போது பூசிய ஃபிளக்ஸ் பசை கழுவப்படாமல் உள்ளே தங்கியிருந்தால் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் மட்டும் குழி விழும். வெந்நீர் நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் வேகமாக ஓடினால் எல்போவைத் தாண்டிய இடத்தில் குதிரைக் குளம்பு வடிவில் அரிக்கும். அங்கே குழாயைப் பெரிதாக்காமல் புதிய செம்பு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். தண்ணீரின் தன்மையே காரணமாக இருந்தால் ஓட்டைகள் வீடெங்கும் வரும். அப்போது பொருளையே மாற்றுவது நல்லது.

சுவருக்குள் கசிகிறதா என்று உடைக்காமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. மீட்டர் உள்ள நேரடி இணைப்பு என்றால் எல்லா டேப்பையும் மூடி, ஃபிளஷ் தொட்டியின் வால்வையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் கசிவு. தொட்டி வீடு என்றால் இரவில் மோட்டாரையும் உள்வரும் வால்வையும் மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தைத் தொட்டியின் உள்சுவரில் குறித்துக் காலையில் அளக்கவும். 1 மீட்டருக்கு 1 மீட்டர் அடிப்பரப்புள்ள தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது. அடுத்த இரவு ஒவ்வொரு கிளை வால்வாக மூடிச் சோதித்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சுவர் ஈரத்தைக் கண்டதும் தண்ணீர் லைனைக் குற்றம் சொல்லாதீர்கள். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய் கசிந்தால், நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் ஈரம் காயாது. குளித்த பிறகு கூடி, இரண்டு நாள் குளிக்காவிட்டால் காய்ந்தால் அது கழிவுநீர்க் குழாய் அல்லது ஓட்டு இடுக்கு. மழைக்குப் பின் மட்டும் வந்தால் கூரை. வெறுங்காலுக்குத் தரை ஓரிடத்தில் மட்டும் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அடியில் வெந்நீர் லைன் கசிகிறது.

ஒரு துண்டை வெட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கே வெட்டுவது, எதைப் பார்ப்பது?

இதைவிட நம்பகமான சோதனை இல்லை. படுக்கையாக ஓடும் வெந்நீர் லைனில், கைக்கு எட்டும் இடத்தில் 15 செ.மீ. வெட்டுங்கள். நிமிர்ந்த குழாயைவிடப் படுத்த குழாயிலும், பச்சைத்தண்ணீரைவிட வெந்நீரிலும் முதலில் கெடும் என்பதால் அதுதான் மோசமான நிலையைக் காட்டும். வெந்நீர் லைன் மோசமாக இருந்து பச்சைத்தண்ணீர் லைன் நன்றாக இருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் அதிலும் ஒரு துண்டு வெட்டுங்கள்.

துண்டை நீளவாக்கில் பிளந்து துருவைச் சுரண்டி எறிந்துவிட்டு, உலோகத்தின் தடிமனைக் கேலிப்பரால் பல இடத்தில் அளக்கவும். அரை அங்குல ஜி.ஐ.யில் எங்காவது 1.3 மி.மீ.க்குக் கீழே, அதாவது பாதிக்குக் கீழே போயிருந்தால் அந்த லைனின் காலம் முடிந்தது. உள்வழி முக்கால் பங்குக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலும் அப்படியே. தடிமன் நன்றாக இருந்து சுண்ணாம்பு மட்டும் மெல்லியதாகப் படிந்திருந்தால் அவசரம் இல்லை.

வெட்டிய இடத்தைத் திரும்ப இணைக்க ஒரு யூனியனும் (குழாயைச் சுழற்றாமலே கழற்றி மாட்டும் இணைப்பு) சரியான நீளத்தில் மரை வெட்டிய இரண்டு துண்டும் கையில் இருக்கட்டும். துருப்பிடித்த ஜி.ஐ.யை இரண்டு ரென்ச்சால், ஒன்றால் பிடித்து ஒன்றால் திருகித்தான் கழற்ற வேண்டும். ஒற்றை ரென்ச்சால் முறுக்கினால் அந்த முறுக்கு சுவருக்குள் இருக்கும் அடுத்த மரையைப் போய் உடைக்கும்.

ஈயக் குழாய் என்று தெரிந்தால் என்ன செய்வது?

கசிவே இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தற்காலிக வழிகாட்டு மதிப்பாக வைத்திருப்பது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சோதிக்க வேண்டுமானால் குறைந்தது 6 மணி நேரம் தண்ணீரைத் திறக்காமல் வைத்து, முதலில் வரும் 1 லிட்டரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். வலையைக் கழற்றாமல், ஓடவிடாமல் பிடிக்க வேண்டும்.

மாற்றும்வரை: தேங்கிய தண்ணீரை ஓடவிட்ட பிறகே குடிக்கப் பிடியுங்கள், வெந்நீர் டேப்பிலிருந்து சமைக்கவோ பால் கலக்கவோ எடுக்காதீர்கள், ஈயம் நீக்கும் என்று சான்று பெற்ற வடிகட்டியைப் போடுங்கள். காய்ச்சினால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

பாதி ஈயத்தை மட்டும் வெட்டி எடுப்பது ஆபத்து. வெட்டும் அதிர்வில் உள்ளே இருக்கும் படிவு உதிர்ந்து, அதன் பிறகு கொஞ்ச காலம் தண்ணீரில் ஈயம் முன்பைவிட அதிகமாகவே வரும். ஈயக் குழாய்க்குப் பின்னால் பல வருடம் ஓடிய ஜி.ஐ.யும் தன் துருவுக்குள் ஈயத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதாதா?

சில வேளைகளில் போதும். குளியலறையைப் புதுப்பிக்கும்போது அங்குள்ள லைன்களை மாற்றுவது, வெந்நீர் லைனை மட்டும் மாற்றுவது, மாடி வெயிலில் கிடக்கும் நீளத்தை மாற்றுவது எல்லாம் நியாயமான பகுதி வேலைகள். ஓடு பிரித்த சுவரில் 25 வருட ஜி.ஐ.யை அப்படியே விட்டு மூடுவதுதான் பிறகு வருந்த வைக்கும்.

செம்பையும் ஜி.ஐ.யையும் கலப்பதில் கவனம் வேண்டும். தண்ணீர் ஓடும் திசையில் செம்பு முன்னாலும் ஜி.ஐ. பின்னாலும் வரக் கூடாது. குழாயிலிருந்து நுண்ணளவில் கரைந்து வரும் செம்பு, ஜி.ஐ.யின் துத்தநாகத்தின் மேல் படிந்து குழி குழியாக அரிக்கும். இரண்டையும் நேராகத் திருகாமல் நடுவே மின்காப்பு யூனியனோ பித்தளைத் துண்டோ போட வேண்டும். பிளாஸ்டிக்கோடு ஜி.ஐ. சேர்வதில் அரிப்புச் சிக்கல் இல்லை.

உள்ளே ஆசிட் விட்டுக் கழுவலாமா? எபாக்சிப் பிசின் பூசலாமா?

தேய்ந்த ஜி.ஐ.யில் ஆசிட் வேண்டவே வேண்டாம். பல ஓட்டைகளைத் துருதான் அடைத்துக்கொண்டிருக்கும். துரு கரைந்ததும் அவை எல்லாம் ஒரே நாளில் திறக்கும். சுவர்த் தடிமன் நன்றாக இருக்கும் செம்பில், ஊசிமுனை ஓட்டைகள் தொடக்க நிலையில் இருந்தால், எபாக்சிப் பூச்சு பயன்படும். முன்தயாரிப்பாக மணல் அடித்துச் சுத்தம் செய்வதை மெலிந்த குழாய் தாங்காது.

கசிவின் மேல் மாட்டும் கிளாம்ப்பும் ரப்பரும் தற்காலிக வேலை. வெளியே தெரியும் இடத்தில் மட்டும் போடுங்கள். அதைச் சுவருக்குள் வைத்துப் பூசாதீர்கள்.

மாற்றுவதென்றால் எந்தப் பொருள்?

எல்லாவற்றுக்கும் பொருத்தமான ஒன்று கிடையாது. வீட்டுக்குள் வெந்நீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் சேர்த்துப் போட சி.பி.வி.சி. எளிது: அறுத்து ஒட்டுவதுதான். ஆனால் அதன் தோல்விகள் பெரும்பாலும் ஒட்டுபவர் கையில்தான் இருக்கின்றன. நேராக வெட்டி, ஓரப் பிசிறை உள்ளும் புறமும் நீக்கி, உலர்ந்த நிலையில் பொருத்திப் பார்க்கும்போது சாக்கெட்டின் (குழாய் நுழையும் இணைப்பு வாய்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இறுக வேண்டும். சால்வென்ட் சிமென்ட் என்ற ஒட்டும் பசையைக் குழாயின் மேல் தாராளமாகவும் சாக்கெட்டின் உள்ளே மெல்லியதாகவும் சீராகப் பூசி, கால் சுற்றுத் திருகி உள்ளே தள்ளி 30 நொடி பிடிக்க வேண்டும். அதிகமாகப் பூசினால் உள்ளே குளம்போல் தேங்கி, குழாய்ச் சுவரை இளக்கி, மாதங்கள் கழித்து அங்கேயே வெடிக்கும். எண்ணெய், கிரீஸ், எண்ணெய் சார்ந்த பெயின்ட் ஆகியவை படக் கூடாது. இவை நுண்விரிசல் உண்டாக்கும். டேப் மாட்டும் இடத்தில் பித்தளை மரை பதித்த இணைப்பையே வாங்குங்கள். பிளாஸ்டிக் உள்மரையில் டெஃப்லான் நாடாவை அதிகம் சுற்றி இறுக்கினால் பிளந்துவிடும்.

பி.பி.ஆர். உருக்கி ஒட்டுவது. 260 டிகிரியில் 20 மி.மீ. குழாய்க்கு 5 நொடி, 25 மி.மீ.க்கு 7 நொடி சூடு. பிறகு திருகாமல் நேராகச் செருக வேண்டும். நொடி கூடினால் உருகிய விளிம்பு உள்ளே வழிந்து துளையையே அடைக்கும். புதிய வீட்டில் ஒரே ஒரு டேப்பில் மட்டும் தண்ணீர் குறைவாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பெக்ஸில் இணைப்பு குறைவு. நீளமாக வளைத்துக் கொண்டுபோகலாம், பழைய வீட்டில் சுவரை அதிகம் உடைக்காமல் நுழைக்க வசதி. வெயிலில் மட்டும் விடக் கூடாது. செம்பு நீண்ட நாள் நிற்கும், ஆனால் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால் தவிர்க்கவும்.

வெந்நீர் லைனில் விரிவுக்கு இடம் விடுவதைப் பலர் மறக்கிறார்கள். 10 மீட்டர் நீளம் 40 டிகிரி சூடேறினால் செம்பு சுமார் 7 மி.மீ. நீளும், சி.பி.வி.சி. 25 மி.மீ., பி.பி.ஆர். 60 மி.மீ. வரை. இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்டால் அந்த நீட்சி எல்போவில் போய் முறிக்கும். நேர் ஓட்டத்தில் ஒரு வளைவோ ஒதுக்கமோ கொடுத்து, கிளாம்ப்பில் குழாய் நழுவும்படி விட வேண்டும்.

பழைய இரும்புக் குழாயை எடுக்கும்போது வேறு என்ன ஆபத்து?

மின்சாரம். சில வீடுகளில் எர்த் கம்பி தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருக்கும். நடுவில் பிளாஸ்டிக் துண்டு வந்த கணமே எர்த் தொடர்பு அறுந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. வெட்டும்போதே கசிவு மின்சாரம் இருந்தால் வெட்டுபவர் கைவழியே பாயவும் கூடும். குழாயில் கம்பியோ கிளாம்ப்போ தெரிந்தால் எலக்ட்ரீஷியன் தனி எர்த் போட்டு முடித்த பிறகே ரம்பத்தை எடுங்கள்.

புதிய லைனைச் சுவருக்குள் மூடும் முன் எப்படிச் சோதிப்பது?

தண்ணீரால்தான், காற்றால் அல்ல. அழுத்திய காற்றில் பிளாஸ்டிக் வெடித்தால் துண்டுகள் குண்டுபோல் பறக்கும். ஒட்டிய இணைப்புகளுக்கு பசை டப்பாவில் சொன்ன காயும் நேரத்தைக் கொடுங்கள். ஹீட்டரையும் மிக்ஸரையும் கழற்றி முனைகளை அடைத்து, தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, உயர்ந்த முனையில் காற்றை வெளியேற்றவும். பிறகு கைப்பம்ப்பால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். பி.பி.ஆரும் பெக்ஸும் முதலில் சற்று உப்பி முள்ளைக் கொஞ்சம் இறக்கும். திரும்ப ஏற்றிய பிறகும் தொடர்ந்து இறங்கினால்தான் கசிவு. பூசுவேலைக்காரர் காத்திருக்கிறார் என்று இந்த 2 மணி நேரத்தைச் சுருக்க விடாதீர்கள்.

ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் கைக்கு எட்டும் இடத்தில் தனித்தனிப் பந்து வால்வு (ball valve) இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். கால் சுற்றில் மூடும். அடுத்த கசிவில் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

மாற்றிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

எல்லா டேப் வலைகளையும் ஷவர்த் தலையையும் கழற்றிவிட்டு, தாழ்ந்த டேப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் 5 நிமிடம் முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒட்டும் பசையின் வாடை, சீவல், மணல் எல்லாம் போகட்டும். தெரிந்தே சுவருக்குள் விட்டுவைத்த பழைய குழாய்களின் இரு முனையும் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். திறந்த முனையுள்ள செத்த குழாயைப் பின்னால் ஒருவர் உயிருள்ள லைன் என்று நினைத்து இணைத்துவிடுவார்.

பூசுவதற்கு முன்னால், அளவுநாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று படம் எடுத்திருக்க வேண்டும். குழாய் எந்த உயரத்தில், மூலையிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளிப் போகிறது என்பது அதில் தெரிய வேண்டும். படங்களோடு குழாயின் பெயர், அளவு, போட்ட தேதி எழுதிய ஒரு தாளை மெயின் வால்வுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வையுங்கள். அடுத்து அந்தச் சுவரில் ஆணி அடிக்கப் போகிறவர் அதைத் தேடி வருவார்.